தடிப்பாகக் கீறிய அம்புக்குறி

1997 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த எங்கள் கல்லூரி, ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கிடுகுக் கொட்டில்களில் பிற்பகல் வேளைகளில் இயங்கிக்கொண்டிருந்தது. ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. காற்றுக்கும் மண்ணுக்கும் உயிர்களுக்கும் இடையே நைதரசன் சுற்றிவருவதைக் காட்டும் நைதரசன் வட்டம் பாடமாக வந்த நாளில், விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் பெட்டிகளையும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளையும் கீறி முடித்ததும், சோக்கை வைத்துவிட்டு எங்களை அருகிலிருந்த கச்சான் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். யூரியாப் பசளை வன்னிக்குள் வருவது தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. பயிருக்கு நைதரசன் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வியை எங்கள் வீட்டுப் பெரியவர்களும் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஒரு செடி மட்டும், மாஸ்ரர்" என்பது தோட்டக்காரரின் நிபந்தனை. பிடுங்கிய செடியின் வேரை வாளித் தண்ணீரில் அலசியபோது, குரக்கன் மணியளவில் முடிச்சுகள் தெரிந்தன. ஆசிரியர் ஒன்றைச் சவர அலகால் இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே இறைச்சித் துண்டைப் போல இளஞ்சிவப்பு. அந்த நிறத்துக்குக் காரணம் லெக்கீமோகுளோபின் என்றும், அது நமது குருதியின் ஈமோகுளோபினுக்கு உறவான புரதம் என்றும், ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும் நைதரசனேசு என்ற நொதியத்தை அது காக்கிறது என்றும் அவர் விளக்கினார். வளிமண்டலத்தில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனாக இருந்தும், அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால் நெற்பயிரால் அதைத் தொடவும் முடியாது. தொழிற்சாலையில் ஏபர்–பொஸ் முறையில் அந்தப் பிணைப்பை உடைப்பதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் பெரும் அமுக்கமும் தேவைப்படுகின்றன. முடிச்சினுள் இருக்கும் பற்றீரியாவோ செடி கொடுக்கும் வெல்லத்தைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, தோட்டத்து மண்ணின் சூட்டிலேயே அதைச் செய்துவிடுகிறது.

அவரையினப் பயிர் மண்ணை வளமாக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை என்று அன்று அறிந்தேன். பற்றீரியா இப்படிக் காற்றிலிருந்து பதித்த நைதரசனில் பெரும்பங்கு பருப்புக்குள் போய்விடுகிறது. பருப்பைச் சந்தைக்கும் கொடியை வேறிடத்து மாட்டுக்கும் கொடுத்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே. அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டியை இரவுதோறும் இடம் மாற்றி அடைக்கும் வழக்கத்தின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குளத்தின் அலைகரையிலும் காட்டோரத்திலும் பகல் முழுவதும் மேய்ந்த நைதரசனை மாடுகள் வயலுக்குச் சுமந்து வந்தன. விடியற்காலையில் பட்டியருகே மூக்கைத் துளைத்த நெடி அமோனியா. அதாவது, சுமந்து வந்ததில் ஒரு பகுதி எங்கள் மூக்கின் வழியாகவே காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆனால் ஆசிரியர் அதிக நேரம் நின்றது நெல்வயலின் வரம்பில்தான். சோளகக் காற்றில் காய்ந்து கிடந்த மண்ணில் புழுதி விதைப்பு முடிந்து முதல் மழை விழுந்ததும், நுண்ணுயிர்கள் உயிர்த்தெழுந்து உக்கலிலிருந்து நைதரசனை அமோனியமாக விடுவிக்கின்றன; காற்றோட்டமுள்ள மண்ணில் வேறு பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முளைகள் கரும்பச்சையாவது அதனால்தான். பின்னர் மாரி வலுத்து வயலில் நீர் தேங்கும்போது, சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீற்றர் தடிப்புக்கு மட்டுமே ஒட்சிசன் எட்டுகிறது. அங்கே உண்டாகும் நைத்திரேற்று கீழே கசிந்ததும், ஒட்சிசனுக்குத் தவிக்கும் பற்றீரியாக்கள் அதிலிருக்கும் ஒட்சிசனைப் பயன்படுத்திக்கொண்டு, நைதரசனை வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. சேற்றில் கால் வைத்தால் எழும் குமிழிகளைக் காட்டி நாங்கள் ஆரவாரித்தபோது, அவற்றில் மெதேனும் உண்டு, எல்லாவற்றையும் நைதரசன் என்று எழுதிவிடாதீர்கள் என எச்சரித்தார். பாடநூலில் நைத்திரேற்றிலிருந்து வளிமண்டலத்துக்குச் செல்லும் அம்புக்குறி எல்லாவற்றிலும் மெல்லியதாக இருந்தது. "வன்னி வயலுக்கு அதைத் தடிப்பாகக் கீறுங்கள்" என்றார்.

2002 இல் வன்னிக்கான பாதை திறந்து யூரியா மூடைகள் மீண்டும் வந்தபோது, என் மாமா முழங்கால் அளவு நீர் நின்ற வயலில் அதை அள்ளி வீசினார். நூறு கிலோவில் நாற்பத்தாறு கிலோ நைதரசன், அதில் பெரும்பகுதி காற்றுக்குத்தான் போகும் என்று நான் சொல்லப்போய், "படிச்ச பிள்ளையள் வயலுக்கை இறங்காமலே கதைப்பியள்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்த முறை பசளை போட்ட அன்று நான் போனபோது, வரம்பு வெட்டி விடப்பட்டு, வயல் வெறும் சேறாகக் கிடந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.