அம்மாவின் மறதிக்குப் பயிற்சி கொடுத்த மூன்று மாதம்

அம்மாவுக்கு 71 வயது, 30 வருடம் சத்துணவு மையத்தில் கணக்கு எழுதியவர். ஒரே கேள்வியைக் காலையில் நான்கு தடவை கேட்க ஆரம்பித்தபோது வயசானால் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். பால் பாத்திரம் அடுப்பிலேயே கருகிய பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்த்தார்கள். இவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், மருந்தில் சரியாகவும் வாய்ப்புண்டு, அதனால் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். அம்மாவுக்கு இரண்டும் சரி. அப்புறம் நினைவு, கவனம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ‘மோகா’ தேர்வு, 30 மதிப்பெண்ணுக்கு. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். வட்டமும் எண்களும் அழகாக வந்தன, ஆனால் பெரிய முள்ளை 2-இல் வைக்காமல் 10-இல் வைத்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்து என்னைப் பார்த்தார். 26-ஓ அதற்கு மேலோ எடுத்தால் இயல்பு, அம்மா எடுத்தது 22. தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதால் இது டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை, அதற்கு முந்தைய லேசான அறிவாற்றல் குறைபாடு என்றார் டாக்டர்.

வாரம் இரண்டு நாள் உளவியலாளரிடம் பயிற்சி. செய்தித்தாளில் ‘க’ எழுத்தை எல்லாம் கோடு போட்டு அடிப்பது, படச்சீட்டில் ஜோடி சேர்ப்பது. ஒரு மாதத்தில் அதிலெல்லாம் நன்றாகத் தேறிவிட்டார், ராத்திரி மாத்திரையை மட்டும் மறந்துகொண்டே இருந்தார். கேட்டபோது, எதைப் பழகுகிறோமோ அதில்தான் முன்னேற்றம் வரும் என்றார் உளவியலாளர். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கி 2,832 முதியவர்களிடம் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்விலும் அப்படித்தானாம், நினைவுப் பயிற்சி எடுத்தவர்கள் நினைவில் தேறினார்கள், பார்த்ததைச் சட்டென்று புரிந்துகொள்ளும் வேகத்துக்குப் பயிற்சி எடுத்தவர்கள் அந்த வேகத்தில்.

சரி, மாத்திரையையே பழக்குவோம் என்று இறங்கினோம். “ராத்திரி மாத்திரை எங்கே?” “சாமி மாடம் பக்கத்தில், நீலப் பெட்டி.” உடனே ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்க வேண்டும். தடுமாறினால் ஊகிக்க விடாமல் பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்ப வேண்டும். இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இதைச் செய்வோம். இரண்டு வாரத்தில் தானாகவே பெட்டியைத் திறந்தார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். அந்த நொடியில் அம்மாவின் கை புடவைத் தலைப்பைத் தேடுவதைப் பார்க்க முடியவில்லை. இப்போது யார் வந்தாலும் வாசலிலேயே, “அம்மா, மதுரை அத்தை வந்திருக்காங்க” என்று நானே பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம் கேஸ் வால்வை மூடப் பழக்குகிறோம். நேற்று எட்டு நிமிடம் வரை வந்துவிட்டார்.