அம்மாவின் போன் வாளிக்குள் விழுந்தபோது

நேற்றுக் காலை துணி ஊறவைத்த வாளிக்குள் அம்மாவின் போன் விழுந்துவிட்டது. எடுத்தபோது திரை ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அம்மா உடனே சார்ஜரைத் தேடினார். "வேண்டாம்மா, தொடாதீங்க!" என்று கத்தியே விட்டேன். மறைந்த அப்பாவின் குரல் பதிவுகள் அந்தப் போனில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

முதலில் அணைத்தேன். சிம் தட்டை இழுத்தால் அதன் ஓரத்தில் ஒரு சொட்டு நுரை. சார்ஜ் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டினேன். ஈரத்தோடு மின்சாரமும் ஓடினால்தான் உள்ளே அரிப்பு வேகமாகப் பரவும். சோப்பும் உப்பும் கலந்த நீர் இன்னும் மோசம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பா அரிசியோடு ஓடிவந்தார். அந்த அன்பு பெரிது. ஆனால் அரிசியால் உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்க முடியாது, துகள்தான் துளைக்குள் போகும். 2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே அரிசி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஹேர் டிரையர் சூடும் வேண்டாம்.

அப்புறம் நேராகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெரு. கடைத் தம்பி போனைத் திறந்து லென்ஸ் வழியே காட்டினார்: சார்ஜ் துளை அருகே மிளகளவு பச்சைக் கறை. சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தார். "ஆன் பண்ணாம கொண்டுவந்தீங்கண்ணே, அதான் பிழைச்சுது" என்றார்.

மாலையில் அம்மா காதோடு வைத்துக் கேட்டார். "சாப்பிட்டியா?" என்றது அப்பாவின் குரல். இரவே எல்லாவற்றையும் கணினியிலும் பென்டிரைவிலும் ஏற்றிவிட்டேன்.