படம் வெளியே, லயம் உள்ளே

சித்தியைத் தேயிலைத் தோட்டத்து ஆபிசுக்குக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்கள் என்று அம்மா போன் எடுத்தபோது, இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு முன்பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். காரணம் நான் வரைந்த படம். தகரக் கூரை ஒழுகும் லயத்துக் காம்பறா (தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை), அங்கங்கே வைத்த சட்டிகள், நடுவில் ரொட்டி சுடும் ஒரு பெண். நீர்வண்ணத்தில் முடித்த இரவே பேஸ்புக்கில் பப்ளிக்காகப் போட்டு, தோட்டத்தின் பெயரையும் "எங்க சித்தி" என்று ஒரு வரியையும் எழுதியிருந்தேன். 300 பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். நான் பூரித்துப்போயிருந்த நேரத்தில் சித்தி அங்கே நின்று, "கூரை ஒழுகுதுன்னு வெளிய சொன்னது யாரு?" என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது.

உடனே அழித்தேன். என் பதிவைப் பகிர்ந்தவர்கள் பக்கத்திலிருந்து அது போய்விட்டது. படத்தை இறக்கித் தாங்களே ஏற்றியவர்களிடம் அப்படியே இருந்தது.

கணக்கையே மூடிவிடு என்றார் அம்மா. மூட முடியாது. உருவப்படம், கோயில் சுவர், ரதி மன்மதன் கதை ஆடும் காமன் கூத்துக்குத் திரை என்று எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் பேஸ்புக்கைப் பார்த்துத்தான் வருகிறது. நான் தெரிய வேண்டும், வீடு தெரியக் கூடாது. இதைச் செய்து முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதலில் என் புரொபைலை 'வியூ ஆஸ்' வழியாக, முன்பின் தெரியாத ஆள் பார்ப்பதுபோல் பார்த்தேன். வயிறு கலங்கியது. போன் நம்பர் இருந்தது. பள்ளிக்கூட நாளில் போட்ட படங்கள் இருந்தன. வாசலில் வைத்து வரையும் படங்களில் பின்னால் காசல்ரி நீர்த்தேக்கமும் கோயில் கோபுரமும் தெரிந்தன. நோர்வூட் பக்கத்து ஆள் எவருக்கும் எங்கள் லயத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும். இரவு பதினொரு மணிக்கு வரும் கோல்களுக்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. செட்டிங்ஸில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பப்ளிக்காகக் கிடக்கும் எல்லாப் பழைய பதிவும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். திரும்ப மொத்தமாகத் திறக்க வழியில்லை, அதனால் யோசித்து அழுத்துங்கள். கவர் படம் மட்டும் எப்போதும் பப்ளிக்தான். அங்கே வீட்டார் எல்லோரும் லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துவிட்டு ஒரு தேயிலைச் செடி ஓவியத்தை வைத்தேன். போன் நம்பருக்கு இரண்டு இடம் பார்க்க வேண்டும். நம்பரை யார் பார்க்கலாம் என்பது ஒன்று, அந்த நம்பரை வைத்து யார் உங்களைத் தேடலாம் என்பது இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். கோல் நிற்கவில்லை.

வேலைக்குத் தனிப் பேஜ் திறந்தேன். புரொபைலிலேயே 'புரொபெஷனல் மோட்' போடச் சொன்னார்கள். அது வீட்டையும் வேலையையும் ஒரே பெயரில்தான் வைத்திருக்கும், எனக்குச் சரிப்படாது. பேஜில் அதை நடத்துபவரின் புரொபைல் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் வேலைக்கான கணக்கைப் பிரைவேட்டாக வைக்கவே முடியாது, ஆகவே அங்கே வீட்டுப் படம் ஒன்றும் இல்லை. இன்னொரு சிம் வாங்கி, அதே போனில் வட்ஸ்அப் பிசினஸ் போட்டேன்.

வாடிக்கையாளருக்குத் தெளிவான படம் வேண்டும் என்று வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்புவோமே, அதில் படம் எடுத்த இடமும் சேர்ந்து போகிறது. சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். கெமராவில் லொகேஷனை நிறுத்தியது அதன் பிறகுதான்.

டேக்கில்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். என்னை டேக் செய்வதை நானே பார்த்து அனுமதிக்கும்படி வைத்தாலும், அது என் பக்கத்தில் வருவதை மட்டுமே தடுக்கும். தம்பி போட்ட படம் தம்பி பக்கத்தில் பப்ளிக்காக இருக்கும். ஆகவே தம்பியோடு உட்கார்ந்து பேசினேன். "அக்கா, நீ ஊருக்கே படம் காட்டுவ, நாங்க காட்டக் கூடாதா?" என்றான். நியாயமான கேள்வி. சித்திக்கு நடந்ததைச் சொன்ன பிறகு, பேசாமல் போனை எடுத்து நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினான்.

இதற்கு நடுவில், நான் வரைந்த கொழுந்துக்காரி ஒரு கடைக் கலண்டரில் இருப்பதை அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் பார்த்தேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்த நிமிடமே உரிமை வரைந்தவருக்கு. எங்கேயும் பதிய வேண்டியதில்லை. பேஸ்புக்கின் பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். அதில் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த் தரப்புக்குப் போகலாம் என்று படிவமே சொல்கிறது. அதை வாசித்ததால் முதலில் வேலைக்கென்று தனி மின்னஞ்சல் திறந்தேன். பதிவு எடுக்கப்பட்டது. அச்சடித்த கலண்டர்கள் இன்னும் சுவர்களில் தொங்குகின்றன.

இதெல்லாம் என்னைக் காக்கிற வேலை. நான் வரைகிற ஆட்களுக்கு ஒரு செட்டிங்கும் கிடையாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். மாசியில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும் அண்ணன் ஒருவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். போன வருஷம் யாரோ போட்ட படத்தைக் கடையில் வைத்துச் சிரித்தார்களாம். "வரை தங்கச்சி, மொகம் மட்டும் வேணாம்" என்றார். வளையல் போட்ட கையையும் பின்னலையும் வரைந்தேன். அவரிடம் காட்டிய பிறகே பேஜில் போட்டேன்.

சித்தியிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆனது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நீ வரையிறத வரை புள்ள. எந்தத் தோட்டம், யாரு வீடுன்னு எழுதாத. அப்புறம், அந்தப் படத்த எனக்கே குடுத்துரு" என்றார். சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மழை ஒழுகாத பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்.