ஓக் மரத்துக்கு இந்தப் பக்கம்

2019 நவம்பர் 14, வியாழன், பெத்லகேம்

எங்கள் யாத்திரைக் குழு இன்று காலையில் ஊருக்குக் கிளம்பிவிட்டது. அக்காவும் நானும் மட்டும் இன்னும் ஒரு வாரம் இருக்கப் போகிறோம். அக்காவுக்குப் பிறப்பிட ஆலயத்தில் தினமும் போய் உட்கார்ந்து நிதானமாக ஜெபிக்க வேண்டும். குழுவோடு போனால் பின்னால் நிற்பவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

காசாவில் இரண்டு நாளாக நடந்த சண்டை இன்று விடியலில் நின்றிருக்கிறது. விடுதிக்காரர் காலையிலிருந்து தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை.

இரவு மாடிக்குப் போனேன். தெற்கேயும் மேற்கேயும் குன்று உச்சிகளில் வரிசை பிசகாத மஞ்சள் விளக்குகள். சரிவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு விளக்குகள். முப்பத்தைந்து வருஷம் சர்வே சங்கிலி பிடித்தவனுக்கு இது ஒன்று போதும். வரிசையாக இருப்பது மனை பிரித்துக் கட்டியது, சிதறிக் கிடப்பது ஊர் தானாக வளர்ந்தது. வரிசை விளக்குகளைக் காட்டி, “அது எஃப்ராத், அது நெவே தானியேல், அதற்குப் பின்னால் கஃபார் எட்சியோன்” என்றார் எங்கள் ஓட்டுநர்.

அக்காவுக்கு முதல் பெயரில் ஒரே சந்தோஷம். “எப்பிராத்தா! மீகா சொன்னதுல்லா!” என்றாள். மீகா சொன்னது இதோ காலடியில் இருக்கும் பெத்லகேமைத்தான். எஃப்ராத், 1967 போரில் இஸ்ரேல் பிடித்த மேற்குக் கரையில் 1983இல் எழுந்த இஸ்ரேலியக் குடியேற்றம். சொன்னேன், அவள் காதில் வாங்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ஓட்டுநர் வீட்டில் மதியச் சாப்பாடு. தெகேஷா முகாம். முகாம் என்றதும் கூடாரத்தை நினைத்துப் போனேன். கூடாரங்கள் 1949இல் போட்டவை. இப்போது மாடிக்கு மேல் மாடி, சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இடம், அதில் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். எல்லா மொட்டை மாடியிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. குழாயில் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு.

அவருடைய அப்பாவின் ஊர் ஸக்கரியா. இங்கிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டர்கூட இராது. 1948 அக்டோபர் சண்டையில் பெரும்பாலானவர்கள் ஓடிவிட்டார்கள். மிஞ்சியிருந்தவர்களை 1950 ஜூனில் இஸ்ரேல் வெளியேற்றியது. அதே வருஷம் ‘வராதவர் சொத்துச் சட்டம்’ வந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் நிலமும் வீடும் அரசின் பாதுகாவலர் கைக்குப் போயின. ஊர் இருந்த இடத்தில் இன்று ஸெகாரியா என்ற யூத வேளாண் கிராமம். பெயர்கூட அதேதான், உச்சரிப்பு மட்டும் வேறு.

அப்பா இறந்துவிட்டார். ஸக்கரியா வீட்டுச் சாவி ஆணியில் தொங்குகிறது. முன்கை நீளத்துக்கு இருக்கும் இரும்புச் சாவி, பல் இரண்டுதான், வளையத்தில் ஒரு பச்சை நூல். அக்கா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். “பூட்டு இருக்கா?” என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, சிரித்தார்.

கிளம்பும்போது கஃபார் எட்சியோனுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டேன். நெடுஞ்சாலைச் சந்திப்பு வரை வருவேன், அதற்கு மேல் நீங்கள் நடங்கள் என்றார்.

நவம்பர் 16, சனி

யூதர்களின் ஓய்வு நாள், கஃபார் எட்சியோனில் எல்லாம் மூடியிருக்கும். அக்காவுக்கு முழங்கால் வலி. தைலம் வாங்க அலைந்ததோடு நாள் முடிந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

அக்கா ஆராதனைக்குப் போய்விட்டாள். போகும்போது, “ஏலே, கும்பிட வந்த இடத்துல ஊரான் நிலத்த அளந்துக்கிட்டு இருக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

60ஆம் எண் நெடுஞ்சாலை எருசலேமையும் எபிரோனையும் இணைக்கிறது. எங்கள் வண்டிக்கு பாலஸ்தீன எண் பலகை. அதனால் தெற்கே போகலாம். வடக்கே எருசலேமுக்குச் சுரங்கப்பாதைச் சாவடியைத் தாண்டிப் போக முடியாது. பெத்லகேமுக்குத் திரும்பும் இடத்தில் பெரிய சிவப்புப் பலகை: உள்ளே ஏ பகுதி (பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழ் உள்ளது), இஸ்ரேலியர் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கு ஆபத்து. ஆக, ஒரே சாலையில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ‘போகாதே’.

எட்சியோன் சந்திப்பில் பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு சிமெண்டுக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். காரை ஏற்றியும் கத்தியால் குத்தியும் இங்கே பலரைக் கொன்றிருக்கிறார்கள். விரல் விசையருகே இருக்க நாலு சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவனுக்கு மீசைகூட சரியாக அரும்பவில்லை. அதே சந்திப்பில் உள்ள பெரிய கடையில் தலையில் முக்காடிட்ட எபிரோன் பெண்களும் குல்லா வைத்த குடியேற்றக்காரர்களும் ஒரே வரிசையில் நின்று தக்காளி எடை போடுகிறார்கள். கையில் எடுத்த ஒரு திராட்சை ரசப் புட்டியில் ‘இஸ்ரேல் தயாரிப்பு’ என்றிருந்தது. போன செவ்வாய்க்கிழமைதான் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குடியேற்றங்களிலிருந்து வரும் சரக்கில் அது குடியேற்றச் சரக்கு என்று தெளிவாக எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் மேற்குக் கரையில் ரசம் வடிக்கும் ஓர் ஆலைக்காரர்.

அங்கிருந்து நடந்தேன். வாசலில் காவலர் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கப்பர்நகூம் என்பதில் இருக்கிற ‘கப்பர்’தான் இந்த ‘கஃபார்’, கிராமம் என்று பொருள். உள்ளே ஆயிரம் பேர் சொச்சம். ஊர் அமைதியாக இருக்கிறது. செர்ரி பழ மரங்கள், வான்கோழிக் கொட்டகைகள், மூன்று சக்கர சைக்கிள்கள். கொடிய இடத்தை எதிர்பார்த்து வந்தால் பாளையங்கோட்டை குடியிருப்பு மாதிரி இருக்கிறது.

நினைவகத்தை, 1948இல் கடைசியாகப் பலர் செத்த பதுங்குகுழியின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கே பார்த்ததையும் ஏற்கெனவே படித்ததையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

1927இல் ஏமன் யூதர்களும் எருசலேம் யூதர்களும் இங்கே நிலம் வாங்கி வந்தார்கள். ஊருக்கு மிக்தால் ஏதேர் என்று பெயர் வைத்தார்கள். ராகேலை அடக்கம் பண்ணியபின் யாக்கோபு கூடாரம் போட்ட ‘ஏதேர் கோபுரம்’ நினைவாக வைத்த பெயர். 1929 கலவரத்தில் போய்விட்டது. அப்புறம் ஹோல்ஸ்மான் என்பவர் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டார். ஜெர்மனில் ‘ஹோல்ஸ்’ என்றால் மரம், எபிரேயத்தில் ‘ஏட்ஸ்’. அதிலிருந்துதான் எட்சியோன். அவருடைய முயற்சியும் 1936 கிளர்ச்சியோடு முடிந்தது. மூன்றாவது முறையாக 1943இல் மதப்பற்றுள்ள இளைஞர்களின் கிபுட்ஸ், அதாவது கூட்டுப் பண்ணை ஊர், வந்தது. 1947க்குள் பக்கத்தில் இன்னும் மூன்று.

ஐ.நா.வின் பிரிவினைத் திட்டத்தில் இந்த மலை அரபு நாட்டுப் பங்கில் விழுந்தது. 1948 ஜனவரியில் தாய்மாரையும் குழந்தைகளையும் எருசலேமுக்கு அனுப்பினார்கள். அதே மாதம் உதவிக்கு நடந்து வந்த 35 பேர் வழியிலேயே கொல்லப்பட்டார்கள். மே 13 அன்று ஜோர்டானின் அரபுப் படையணியும் சுற்று ஊர்க்காரர்களும் கஃபார் எட்சியோனைப் பிடித்தார்கள். சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். ஏறத்தாழ 130 பேர் செத்தார்கள், தப்பியது நான்கே பேர். சுட்டவர்கள் ‘தெயிர் யாசீன்’ என்று கத்தினார்களாம். ஐந்து வாரம் முன்னால், ஏப்ரல் 9 அன்று, அந்த அரபு ஊரில் யூத ஆயுதக் குழுக்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தன. மே 14 அன்று மற்ற மூன்று யூத ஊர்களும் சரணடைந்தன. இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டதும் அதே மே 14தான்.

அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலர் தகப்பன் இல்லாமல் ஒன்றாகவே வளர்ந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தூரத்தில் மலைமேல் ஒற்றை ஓக் மரம் தெரியும். வருஷா வருஷம் கூடி அதைப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருஷம் பார்த்தார்கள். 1967 ஜூன் போரில் மேற்குக் கரை இஸ்ரேல் கைக்கு வந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி, அந்தக் குழந்தைகளில் ஒருவரான ஹனான் போராத்தும் மற்றவர்களும் பேருந்தில் வந்து இறங்கினார்கள். மேற்குக் கரையின் முதல் குடியேற்றம் இதுதான்.

திரும்பும் வழியில் மரத்தைப் பார்த்தேன். எழுநூறு வயது என்கிறார்கள். அடிமரம் பிளந்து, முட்டுக் கொடுத்து, பக்கத்தில் பலகை வைத்து, வயசான தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. அதை ஒட்டிய ஊரின் பெயர் அலோன் ஷ்வூத், திரும்பி வந்தவர்களின் ஓக்.

எனக்குக் கண் கலங்கியது என்பதை மறைக்க மாட்டேன். தகப்பன் செத்த இடத்துக்குப் பிள்ளை வராமல் வேறு யார் வருவார்? ஆனால் சந்திப்பில் வண்டிக்குள் காத்திருந்தவரைப் பார்த்ததும் அந்தக் கேள்வி அப்படியே திரும்பிக்கொண்டது. எப்படி இருந்தது என்று கேட்டார். மரம் பெரிதாக இருந்தது என்றேன்.

நவம்பர் 18, திங்கள், இரவு

இதென்ன பொருத்தமோ. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பாம்பியோ, மேற்குக் கரைக் குடியேற்றங்கள் தம்மளவில் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று சற்றுமுன் அறிவித்திருக்கிறார். முரண் என்று 1978இல் அவர்கள் துறையின் சட்ட ஆலோசகரே எழுதிக் கொடுத்திருந்தார். நாற்பத்தோரு வருஷக் கருத்து ஒரு செய்தியாளர் கூட்டத்தில் போயிற்று.

விடுதிக்காரர் ஒலியைக் கூட்டினார், கேட்டார், குறைத்தார். காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று என்னிடம் கேட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று முழுக்க சட்டம்தான் படித்தேன். அக்கா அருகில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள்.

1967 செப்டம்பர் 18 தேதியிட்ட ஒரு குறிப்பு இருக்கிறது. முதல் பேருந்து வருவதற்கு ஒன்பது நாள் முந்தையது. எழுதியவர் இஸ்ரேல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் தியோடோர் மெரோன். பிரதமர் எஷ்கோல் அலுவலகத்துக்கு எழுதியது, மிக இரகசியம் என்று குறித்தது. கைப்பற்றிய பகுதியில் சொந்தக் குடிமக்களைக் குடியேற்றுவது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் வெளிப்படையான விதிகளை மீறும் என்று அவர் அதில் சொல்கிறார். அதன் 49ஆம் பிரிவு, ஆக்கிரமித்த நாடு தன் மக்களில் ஒரு பகுதியினரை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது என்கிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால் இராணுவ முகாமாக, தற்காலிகமாகச் செய்யுங்கள் என்கிறார். அதனால்தான் இந்த முதல் ஊரை ‘நஹால்’ இராணுவப் புறக்காவல் என்று வெளியில் சொன்னார்கள். மெரோன் பதின்ம வயதில் நாஜி முகாம்களில் அடிமை வேலை செய்து உயிர் பிழைத்தவர். பிற்காலத்தில் யூகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்தவர். இவரை யூத விரோதி என்று ஒதுக்கிவிட முடியாது.

எட்சியோனைப் பற்றி மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்: பழைய வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று சொன்னால் ஓரளவு உதவும்.

இஸ்ரேல் தரப்பு வாதத்தையும் எழுத வேண்டும். ஜோர்டான் 1950இல் மேற்குக் கரையை இணைத்துக்கொண்டதை பிரிட்டன் போன்ற ஒன்றிரண்டு நாடு தவிர யாரும் ஏற்கவில்லை. முறையான சொந்தக்காரரிடமிருந்து பிடுங்காதபோது ‘ஆக்கிரமிப்பு’ எங்கே வந்தது, இது தகராறில் உள்ள நிலம் என்கிறார்கள். அதோடு, மக்கள் தாமாக வருகிறார்கள், யாரும் ஏற்றிக்கொண்டு வரவில்லை என்கிறார்கள். ஐ.நா. பாதுகாப்பு சபையும் (கடைசியாக 2016இல் 2334ஆம் தீர்மானம்), சர்வதேச நீதிமன்றத்தின் 2004 கருத்துரையும், செஞ்சிலுவைச் சங்கமும் இதை ஏற்கவில்லை.

என் தொழில் புத்திக்கு ஒன்று தோன்றுகிறது. கஃபார் எட்சியோன் நிலம் காசு கொடுத்து வாங்கியது, சந்தேகமில்லை. பத்திரம் சரி. ஆனால் பத்திரம் ஆளுக்குத்தான் நிலத்தைக் கொடுக்கும், அரசுக்கு நாட்டைக் கொடுக்காது. ஒருவர் வெளிநாட்டில் தோட்டம் வாங்கினால் அங்கே தன் நாட்டுப் போலீஸையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா? இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் வாதம் ஓடுகிறது. சரி, 1948க்கு முந்தைய பத்திரம் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஸக்கரியா சாவி?

சுற்றியுள்ள மற்ற ஊர்களில் பலவற்றுக்கு அந்தப் பத்திரமும் கிடையாது. 1979இல் ஏலோன் மோரே வழக்கில், தனியார் நிலத்தை இராணுவத் தேவை என்று எடுத்துக் குடியேற்றம் கட்டியது செல்லாது என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வழி மாறியது. 1858 ஒட்டோமான் நிலச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். தொடர்ந்து உழாத நிலம் அரசுக்குத் திரும்பும் என்று அதில் இருக்கிறது. நம் பாஷையில் புறம்போக்கு. 2014இல் இதே பகுதியில் ஏறத்தாழ 4,000 துனம், ஆயிரம் ஏக்கரை ஒட்டி, ஒரே அறிவிப்பில் அரசு நிலமானது. சந்திப்புக்கு அருகே மூன்று இஸ்ரேலியப் பையன்களைக் கடத்திக் கொன்ற கோடை அது. கல் சரிவில் தரிசு எது, ஒரு போகம் விட்டுவைத்தது எது என்று காகிதத்தில் பார்த்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சுலபம் என்றும் தெரியும்.

நவம்பர் 20, புதன்

விமான நிலையத்தில் அக்காவின் பையில் இருந்த ஒலிவ எண்ணெயை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் மனக்குறை.

2024 ஜூலை 20, சனி, பாளையங்கோட்டை

நாட்குறிப்பு பெட்டியில் அப்படியே கிடந்தது. அக்கா இல்லை, இரண்டு வருஷமாகிறது.

நேற்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை சொல்லிவிட்டது. ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று பதினொருவர், நால்வர் எதிராக. புதிய குடியேற்ற வேலையை உடனே நிறுத்த வேண்டும் என்று பதினான்கு பேர், ஒருவர் மட்டும் எதிர். பாம்பியோ சொன்னதை அவர் நாடே பிப்ரவரியில் திரும்ப மாற்றிக்கொண்டது. கருத்துரை யாரையும் கட்டாது. ஆனால் இனி எந்த அரசும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பினேன். போன அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு ஒரு யாத்திரிகர்கூட வரவில்லையாம். வண்டியை விற்றுவிட்டார்.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

எட்சியோன் தொகுதியில் நஹால் ஹெலெட்ஸ் என்று புதிய குடியேற்றத்துக்கு நிலம் குறித்திருக்கிறார்கள், 600 துனம் அளவில். பத்தீர் கிராமத்துப் படிக்கட்டு வயல்களை ஒட்டி வருகிறது. யுனெஸ்கோ 2014இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அக்காவும் நானும் ஒருநாள் அங்கே போய் ஊற்றுத் தண்ணீரில் கால் நனைத்தோம். எட்டு குடும்பக் கூட்டங்கள் முறை வைத்துப் பாய்ச்சும் தண்ணீர், தொட்டியில் குச்சி விட்டு அளந்து பிரிப்பார்கள்.

நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அப்போது நான் வரைந்த படம் இருக்கிறது: சாலை, சந்திப்பு, மரம், தெகேஷா. பத்தீரைக் குறிக்கவே இல்லை. இன்று குறித்தேன். ஓட்டுநரிடமிருந்து இப்போதுதான் பதில்: அம்மா நலமா என்று கேட்கிறார். அக்கா போனதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.