அப்பாவின் இரண்டு நீர் மாத்திரைகள்

இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டிய நாட்களில் அப்பாவுக்குச் சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரையைத் தொடங்கினார்கள். சில வாரங்கள் கழித்து 25 மில்லிகிராம் ஸ்பைரோனோலாக்டோனையும் சேர்த்தார்கள். "நீர் பிரிய ஒன்று போதாதா, எதற்கப்பா ரெண்டு?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்த பிறகுதான், இரண்டாவது மாத்திரையின் முக்கிய வேலை நீரைப் பிரிப்பதன்று என்று புரிந்தது.

சென்னையின் மே மாதத்தில், இரவெல்லாம் வியர்த்த உடம்போடு அப்பா காலையில் ஃப்யூரோசமைடு போட்டுக்கொள்வார். ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து முறை கழிப்பறைக்குப் போய்வருவார். ஒரு நாள் கட்டிலிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். படுத்திருந்தபோது 84 ஆக இருந்த நாடித்துடிப்பு, மணிக்கட்டைப் பிடித்து எண்ணியபோது 104 ஆகியிருந்தது. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்தால், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்ல, அது இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்கிவிட்டு, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. சிறுநீரகமும் ரெனின் என்ற நொதியைச் சுரந்து, அதன் வழியே ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஃப்யூரோசமைடு இல்லாமல் அப்பாவால் நிம்மதியாக மூச்சு விட முடியாது. ஆனால் களைத்த இதயத்தை இன்னும் விரட்டும் இந்தப் பக்கவிளைவும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

ஆல்டோஸ்டிரோன் உப்பைத் தேக்குவதோடு நிற்பதில்லை. அழுத்த உணரிகளின் அனிச்சைச் செயலை அது மழுங்கடிக்கிறது. இதயத்தில் உள்ள நரம்பு முனைகள் தாம் விடுத்த, இதயத்தை விரட்டும் நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சுவதையும் தடுக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஹார்மோனின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. அதை உட்கொண்டவர்களுக்கு, நரம்புக் கட்டுப்பாடு மேம்படுவதன் அடையாளமான, இதயத்துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் கூடியதைச் சிறு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்புள்ள 1,663 பேரில் இம்மாத்திரை பெற்றவர்களிடையே மரண அபாயம் 30 சதவீதம் குறைந்தது. திடீர் மரணங்களும் குறைந்தன. நரம்புகளின் மீதான விளைவுக்கும் அதில் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன், இதயத் தசையில் தழும்பேறுவது குறைவதும் ஒரு காரணம் என்றாலும்.

இம்மாத்திரை பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். சூடு தணியத் தெருமுனையில் தினமும் இளநீர் குடிப்பது அப்பாவின் பல வருடப் பழக்கம். பொட்டாசியம் மிகுந்த அதை இப்போது மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். "வெயில் காலத்தில் இளநீர்கூடக் கூடாதா?" என்று வருத்தப்பட்டாலும், அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியை நாட்காட்டியில் அவரே வட்டமிட்டு வைத்திருக்கிறார்.