காற்று தின்ற பேட்டி

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டில் 15 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் 4 பேர் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எடுப்பது என்று முடிவு செய்தோம். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு விளைவது அந்த மாவட்டத்தில்தான். ஆனால் அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

முதல் நாள் காலை 9 மணிக்குப் போய் இறங்கினோம். பாதி வேலை முடிந்திருந்தது. வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றைய காட்சிகளும் வீண். கேமராவை ஆட்டோ மோடில், அதாவது வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படி விட்டிருந்தோம். எதைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் அது பார்க்கும். திரை முழுக்க வெள்ளை உப்பு என்றால் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், முகம் இருட்டில் போய்விடும். கண் கூசும் வெளியில் நின்று சின்னத் திரையைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் மேனுவலுக்கு மாறி, முகத்துக்கு ஏற்றபடி வெளிச்ச அளவை வைத்து, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்ட பிறகுதான் உப்பு உப்பாகத் தெரிந்தது.

இதெல்லாம் திரும்ப எடுத்துவிடக்கூடிய தவறுகள். எடுக்க முடியாத ஒன்றும் நடந்தது.

வேலை முடிந்து வந்த ஓர் அக்கா பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து பேசினார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்: கூலி எவ்வளவு, கண் எரிகிறதா, மழைக்காலத்தில் வேலை இல்லாமல் என்ன செய்வீர்கள். எல்லாம் நான் எதிர்பார்த்த பதில்கள். கேள்வி தீர்ந்து நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: “உப்பு வாருத கையாலதான் பிள்ளைக்குத் தலையும் வாரணும் தம்பி. உள்ளங்கை வெடிப்புல முடி மாட்டிக்கிடும். அவ வலிக்குன்னு கத்துவா.”

இதுதான் படம் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது.

இரவு அறைக்கு வந்து போட்டுப் பார்த்தால் காற்றுதான் பேசியது. மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளி, கடற்காற்று நேராக வந்து கேமராவில் இருந்த மைக்கை அறைந்திருக்கிறது. அக்காவுக்கும் கேமராவுக்கும் 2 மீட்டர் தூரம். வாடகைக் கடையில் ஹெட்போனையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போதாததற்கு அவர் பேசும்போதெல்லாம் நான் “ம்ம்”, “சரிக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற என் குரல்தான் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலர் மைக், அதற்குப் பஞ்சுறை, மேலே முடி வைத்த உறை, ஹெட்போன் எல்லாம் தேடி வாங்கினோம். இந்த முறை வரப்பில் உட்கார வைக்காமல் சாயங்காலம் அவர் வீட்டுக்கே போனோம். ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் திரையில் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நாங்கள் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/60 வினாடி, இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதை 1/50 ஆக்கியதும் நின்றது. யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஓசையை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம், எடிட்டிங்கில் வெட்டுகளை மூட அது வேண்டும். ஒலியில் ஒரு குறையும் இல்லை.

“நேத்து தலை வாருறதைப் பத்திச் சொன்னீங்களேக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆமா, கையெல்லாம் வெடிச்சிரும். வேற என்னத்தச் சொல்ல” என்றார்.

நான் விடாமல் வேறு வேறு விதமாகக் கேட்டேன். அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சமையலைப் பாதியில் விட்டு, ஃபேன் இல்லாத அறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார் அவர். நான் கேட்டதோ அவருடைய சொந்த வேதனையை ஒப்பிக்கச் சொல்லி. நண்பன்தான் என் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

அதற்கப்புறம் கேள்வித்தாள் எடுத்துப் போகவில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு, பதில் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கேமராவை ஓட விடுவோம். மற்ற அக்காக்கள் சொன்னதில் நல்லவை எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவைதான்.

எடிட்டிங்கில் அந்த இரண்டாவது பேட்டியை எடுத்துவிட்டோம். முதல் நாள் ஒலியை முடிந்தவரை சுத்தம் செய்ததில் 12 வினாடி தேறியது. காற்று இருக்கிறது, அவர் குரலும் இருக்கிறது. உப்பு வாரும் காட்சியின் மேல் அதை வைத்து, கீழே தமிழிலேயே எழுத்துப் போட்டோம்.

படத்தை முதலில் அக்கா வீட்டில்தான் லேப்டாப்பில் காட்டினோம். அந்த வரி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் தொடையில் தட்டி, “உன்னையத்தான் சொல்லுதேன்” என்றார்.