மேற்பார்வை மேலாண்மைத் தாளில் ஒருமுறை தவறி, பிறகு தேறிய கதை

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் (இழையை முறுக்கி நூலாக்கிச் சுற்றும் இயந்திரம்) பிரிவில் ஃபிட்டராக ஏழு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, என்னை ஷிப்ட் மேற்பார்வையாளராக உயர்த்தினார்கள். பதவி உயர்வு நிலைக்க வேண்டுமானால் பகுதிநேரப் பட்டயப் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும் என்றும், அதில் மேற்பார்வை மேலாண்மை ஒரு கட்டாயத் தாள் என்றும் சொன்னார்கள். இயந்திரம் பற்றிய தாள்களைப் பற்றியே கவலைப்பட்டேனே தவிர, தினமும் செய்கிற வேலையைப் பற்றிய தாள்தானே என்று இதனை அலட்சியமாக எடுத்துக்கொண்டேன். இயந்திரத் தாள்கள் அனைத்திலும் தேறி, இந்த ஒன்றில் மட்டும் 2 மதிப்பெண்ணில் தவறினேன்.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. முதல்நிலை மேற்பார்வையாளரின் பணிகளை ஓர் உதாரணத்துடன் விளக்குமாறு கேட்டிருந்த வினாவுக்கு, பிரெஞ்சு மேலாண்மைச் சிந்தனையாளர் ஹென்றி ஃபயோல் 1916-இல் வெளியிட்ட 14 மேலாண்மைக் கோட்பாடுகளை வரிசை பிசகாமல் எழுதிவைத்திருந்தேன். பதினான்கும் சரி, ஆனால் வினாவுக்கான விடை அதில் எங்கும் இல்லை. வேலையில் இருந்துகொண்டு இந்தத் தாளை எழுதுபவர்களில் பலர் இப்படித்தான் சறுக்குகிறார்கள் என்று பின்னர் உடன் படித்தவர்களிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். நமக்கு உதாரணங்கள் கைவசம் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தேர்வில் எழுதத் தகாதவை என்று ஒதுக்கிவிட்டு, பாடநூலின் தலைப்புகளையே நம்பிப் போகிறோம்.

இரண்டாம் முறை படிக்கும்போது செய்த ஒரே பெரிய மாற்றம், சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டதுதான். அன்றைய பாடத்தில் வந்த கருத்துக்குப் பொருந்தும் நிகழ்ச்சி எதுவும் ஷிப்டில் நடந்தால், ஷிப்ட் முடிந்ததும் மூன்று நான்கு வரிகளில் அதை எழுதி, பக்கத்தில் கருத்தின் பெயரைக் குறித்துக்கொள்வேன். கட்டளை ஒருமை என்ற கோட்பாட்டுக்கு நான் அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சைடர் வேலை, அதாவது பிரேமைக் கவனித்து அறுந்த நூலை ஒட்டும் வேலை பார்க்கும் பெண் ஒருவரிடம் பராமரிப்புப் பிரிவு அலுவலர் வந்து ஒரு பிரேமை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிடத்தில் உற்பத்திப் பிரிவு அலுவலர் வந்து அதே பிரேம் ஏன் நிற்கிறது என்று அதட்டினார். அந்த அம்மா என்னிடம் வந்து, "அண்ணா, நான் யார் பேச்சைக் கேக்கறதுங்க?" என்று கேட்டார். ஒரு பணியாளர் ஒரே மேலதிகாரியிடமிருந்து மட்டுமே ஆணை பெற வேண்டும் என்ற வரியை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

முதல் பாடமான ‘மேற்பார்வையாளர் யார்’ என்பதைப் பலரும் ஒரே வாசிப்பில் கடந்துவிடுகிறார்கள். நான் அதில் நேரம் செலவிடச் சொல்வேன். நிர்வாகத்துக்கு அவர் தொழிலாளரின் முகம், தொழிலாளருக்கு நிர்வாகத்தின் முகம் என்று பாடநூல் சொல்வதோடு, சட்டம் சொல்வதையும் சேர்த்துப் படித்தால் விடைக்குக் கனம் கூடும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 2010-இல் திருத்தம் வந்தது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 18,000 ஆக்கியது. பதவியின் பெயரைப் பார்க்காமல், ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆலைகளில் மேஸ்திரி என்ற சொல் இன்னும் புழங்குவதால், அதன் பழைய பொருளையும் அறிந்துகொள்வது நல்லது. ஆள் பிடிப்பது, வேலை கொடுப்பது, வேலையை விட்டு நீக்குவது என அனைத்தும் ஒருகாலத்தில் மேஸ்திரியின் கையில் இருந்தன. விட்லி ஆணையம் என்று அறியப்படும் இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், 1931-இல் அளித்த அறிக்கையில் அந்த அதிகாரத்தைக் குறைக்கப் பரிந்துரைத்தது. இன்றைய மேற்பார்வையாளருக்குப் பொறுப்பு அதிகமாகவும் அதிகாரம் குறைவாகவும் இருப்பது ஏன் என்பதற்கான விடையில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

மேலாண்மை அறிஞர் ராபர்ட் காட்ஸ் 1955-இல் வகுத்த மூன்று திறன்கள், அதாவது தொழில்நுட்பத் திறன், மனித உறவுத் திறன், கருத்தாக்கத் திறன் ஆகியவற்றை ஒரு படமாக வரைந்து பழகிவிட்டால் போதும். கீழ்நிலையில் தொழில்நுட்பத் திறனும் மேல்நிலையில் கருத்தாக்கத் திறனும் மிகுதியாக வேண்டும், மனித உறவுத் திறன் எல்லா நிலைகளிலும் வேண்டும். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் தேவைப் படிநிலையும், தொழிலாளர் இயல்பாக வேலையை வெறுப்பவர், விரும்பிச் செய்பவர் என்ற இரு பார்வைகளைச் சொல்லும் மெக்கிரிகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகளும் அப்படியே. அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் வேலைச் சூழலுக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஹாதோர்ன் ஆய்வில் மட்டும் கவனம் வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனைகள் 1924-இலேயே தொடங்கிவிட்டன. அந்த ஆய்வுகளோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் பேராசிரியர் எல்ட்டன் மேயோ அதற்குப் பிறகுதான் அவற்றுக்குள் வந்தார். இரண்டையும் கலந்து, வெளிச்சச் சோதனையை மேயோவே தொடங்கியதாக எழுதுவது நான் உட்படப் பலரும் செய்த பிழை.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தாளின் உயிரான பகுதி, வேலை கற்பிக்கும் முறை பற்றிய பாடமே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழக்கமில்லாத ஆட்களைக் குறுகிய காலத்தில் தொழிற்சாலை வேலைக்குத் தயார் செய்வதற்காக அமெரிக்காவில் உருவான பயிற்சித் திட்டத்திலிருந்து வந்த நான்கு படிகள் அதில் உள்ளன: கற்பவரைத் தயார்ப்படுத்துதல், வேலையைச் செய்து காட்டுதல், அவரைச் செய்ய வைத்துப் பார்த்தல், பின்தொடர்ந்து கவனித்தல். படிப்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் இந்த நான்கையும், அறுந்த நூலை ஒட்டுவதற்கு ஒரு புதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தபோது சோதித்துப் பார்த்தேன். அதுவரை நான் காட்டிய விதம், மளமளவென்று ஒருமுறை ஒட்டிக் காட்டிவிட்டு, "பாத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டு நகர்ந்துவிடுவது. இம்முறை வேலையை முதலில் தாளில் பிரித்தெழுதினேன்: ஸ்பிண்டிலை (சுழலும் தண்டை) நிறுத்துவது, நூல் சுற்றிய பாபினில் நூல் முனையைத் தேடி எடுப்பது, அதை டிராவலர் என்ற சிறு வளையத்தில் கோர்ப்பது, மேலிருக்கும் கொக்கி வழியே கொண்டுபோவது, முன் உருளையிலிருந்து வெளிவரும் இழையோடு சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எங்கே தவறு நேரும், ஏன் நேரும் என்று எழுதவேண்டும் என்பது விதி. கடைசிப் படிக்கு எதிரே, ஒட்டும் நீளம் கூடினால் நூலில் தடிப்பு விழும், குறைந்தால் மறுபடி அறும் என்று எழுதியபோதுதான், இத்தனை ஆண்டுகளில் இதை ஒருவருக்குக்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது உறைத்தது. என் விரலுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் படியில் அந்தப் பெண்ணைச் செய்ய வைத்து, செய்துகொண்டே ஏன் அப்படிச் செய்கிறாள் என்றும் சொல்ல வைத்தேன். டிராவலரில் கோர்க்கும் இடத்தில் அவள் தடுமாறியது, நான் அவசரமாகக் காட்டிய இடமும் அதுதான் என்பதால். இந்த நிகழ்ச்சியை அடுத்த தேர்வில் 15 மதிப்பெண் வினாவுக்கு அப்படியே எழுதினேன்.

ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பாடம் எனக்குக் கசப்பாகவே இருந்தது. சூடான அடுப்பு விதி என்று ஒன்று உண்டு: அடுப்பு சூடாக இருப்பது முன்பே தெரியும், தொட்டவுடன் சுடும், தொடும் ஒவ்வொரு முறையும் சுடும், தொட்டவர் யாராயினும் சுடும். என்னுடன் ஃபிட்டராக இருந்த நண்பர் இருபது நிமிடம் தாமதமாக வந்ததைக் கண்டும் காணாமல் விட்டேன். அதே வாரத்தில் இன்னொருவர் அதே அளவு தாமதித்தபோது எச்சரித்தேன். "உங்க கூட்டாளிக்கு ஒரு நியாயம், எனக்கொரு நியாயமாங்க?" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. கூடவே வேலை பார்த்தவர்களுக்கே மேற்பார்வையாளர் ஆகும் சங்கடத்தை நான் படித்த பாடநூல் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டது. உண்மையில் அதற்குத் தனிப் பாடமே வேண்டும். இந்தப் பகுதிக்கு, பாடநூலைவிட உங்கள் ஆலையின் நிலையாணைகளை வாங்கிப் படிப்பது பயன் தரும். எது தவறு, அதற்கு என்ன நடைமுறை, விளக்கம் கேட்காமல் தண்டிக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தேர்வு நாளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். வினாத்தாள் கைக்கு வந்ததும், இறுதியில் இருக்கும் நிகழ்வு ஆய்வை, அதாவது ஒரு சூழலைக் கொடுத்து அதிலுள்ள சிக்கலை ஆராயச் சொல்லும் வினாவை முதலில் வாசியுங்கள்; எழுதுவது கடைசியாக இருந்தாலும், மற்ற விடைகளை எழுதும்போதே மனம் அதை அசைபோட்டுக்கொண்டிருக்கும். விடையில் முதலில் சிக்கல் என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதன் பின்னரே எந்தக் கோட்பாடு மீறப்பட்டது என்ற பேச்சுக்குப் போங்கள். வரையறைகளை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள். அதிகாரத்தை ஒப்படைக்கலாம், அதற்குப் பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது என்பது போன்ற இடங்களில் ஒரு சொல் மாறினாலும் பொருள் தலைகீழாகிவிடும். சொந்த உதாரணம் எழுதும்போது ஆலையின் பெயரோ ஆட்களின் பெயரோ வேண்டாம், ‘ஒரு நூற்பாலையில்’ என்று தொடங்கினால் போதும். அந்தக் குறிப்பேட்டில் மொத்தம் 41 நிகழ்ச்சிகள் சேர்ந்திருந்தன. தேர்வில் பயன்பட்டவை ஆறு. மீதியை இப்போது புதிதாக வரும் பயிற்சி மேற்பார்வையாளர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன், அந்த இருபது நிமிடத் தாமதம் உட்பட.